அடைப்புக்குறி போடாத கணக்கு
சம்பளப் பட்டியல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கணக்குப் பிரிவு நண்பர்களே,

நீங்கள் நூற்பாலையில் இருக்கலாம், பனியன் கம்பெனியில் இருக்கலாம், ஃபவுண்டரியில் இருக்கலாம், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் பில் போடுவதையும் சம்பளம் போடுவதையும் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருக்கலாம். மாதம் பிறந்தால் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று எனக்குத் தெரியும். ஏழாம் தேதிக்குள் சம்பளம், பதினைந்துக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., இருபதுக்குள் ஜி.எஸ்.டி. இத்தனைக்கும் நடுவில் முதலாளி வந்து, "என்னப்பா, இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த நாற்காலியில் நானும் முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எக்செல்லில் நீங்கள் எழுதும் ஃபார்முலாக்களைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கை செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருந்தேன். கோன் வைண்டிங்கில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஓர் அக்கா ஓய்வு பெற்றார். அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய், பஞ்சப்படி 6,000 ரூபாய். கிராஜுவிட்டி எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அதனால் பெருக்க வேண்டும். பணிக்கொடைச் சட்டத்தில் வரும் கணக்கு அது. நான் செல்லில் இப்படித் தட்டியிருந்தேன்:

=12000+6000*15/26*22

விடை 88,154 என்று வந்தது. செக் எழுதினோம், கையெழுத்து வாங்கினோம், மாலை போட்டு அனுப்பினோம்.

பத்து நாள் கழித்து அந்த அக்கா திரும்பி வந்தார். கையில் நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் 2,28,461 என்று எழுதியிருந்தது. "எங்க வீதி மளிகைக் கடைக்காரரு கால்குலேட்டர்ல போட்டுக் குடுத்தாருங்க தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு போட்டதுதான் தப்பா இருக்கும், இருந்தாலும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாக இருக்காது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். அவருக்கு ஆறுதல் சொல்வதற்காகவே என் மேசைக் கால்குலேட்டரை எடுத்து அவர் கண் முன்னால் தட்டினேன். 12000, கூட்டல், 6000, பெருக்கல், 15, வகுத்தல், 26, பெருக்கல், 22. வந்த விடை, பைசா நீங்கலாக, 2,28,461. செல்லில் இருப்பதும் அதே எண்கள்தான், அதே குறிகள்தான், அதே வரிசைதான். அதில் 88,154, இதில் 2,28,461. இடையில் காணாமல் போனது 1,40,307 ரூபாய். இருபத்திரண்டு வருடம் இரவு ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் நின்று பார்த்த வேலையின் பலனில் பாதிக்கும் மேல் அது.

காரணம் உங்களில் பலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மேசைக் கால்குலேட்டர் தட்டத் தட்ட உடனுக்குடன் கணக்கை முடித்துக்கொண்டே போகும். 12000-த்தையும் 6000-த்தையும் கூட்டி 18000 ஆக்கிவிட்டுத்தான் அடுத்த பெருக்கலுக்குப் போகும். எக்செல் அப்படிச் செய்யாது. முழு வரியையும் பார்க்கும். பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் அதன்பிறகு. ஆகவே 6,000 ரூபாய்ப் பஞ்சப்படிக்கு மட்டும் இருபத்திரண்டு வருடத்துக் கிராஜுவிட்டியைப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை அதோடு ஒட்டவைத்தது. நான் எழுத வேண்டியிருந்தது இதுதான்:

=(12000+6000)*15/26*22

ஒரு ஜோடி அடைப்புக்குறி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மில் பலர் கணக்கை விரலில் கற்றவர்கள். பேரேட்டில் எழுதி, கால்குலேட்டரில் தட்டி, பழகிப் பழகி விரலே கணக்குப் போடும். அந்த விரல்பழக்கத்தை அப்படியே செல்லுக்குள் கொண்டுபோய் எழுதுகிறோம். ஒரு காலத்தில் அது செல்லுபடியாகியும் இருக்கிறது. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக 1979-இல் கொண்டுவந்த விசிகால்க் இடமிருந்து வலமாகத்தான் கணக்குப் போட்டது. அதில் 1+2*3 என்று எழுதினால் 9 வரும். இன்றைய எக்செல்லிலும் லிப்ரே ஆஃபீஸிலும் கூகுள் ஷீட்ஸிலும் 7 வரும். கருவி மாறிவிட்டது, நம் விரல் மாறவில்லை.

"எனக்கு போட்மாஸ் தெரியும், நான் இப்படிச் செய்ய மாட்டேன்" என்று உங்களில் இளையவர்கள் சொல்லக்கூடும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு காலி செல்லில் =-2^2 என்று தட்டிப் பாருங்கள். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் விடை -4 என்பார். எக்செல் 4 என்னும். முன்னால் நிற்கும் கழித்தல் குறியை எக்செல் எண்ணோடு சேர்த்துக்கொண்டு, அதன்பிறகே அடுக்கேற்றுகிறது. ஆனால் =5-2^2 என்று எழுதினால் அதே எக்செல் 1 என்று சரியாகச் சொல்லும். பள்ளியில் படித்த வரிசையும் கருவியின் வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆகையால்தான் விதி தெரிந்தவர்களிடமும் அடைப்புக்குறியைக் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிவது உங்களோடு நின்றுவிடும். அடைப்புக்குறி போட்டால் உங்களுக்குப் பிறகு அந்த ஷீட்டைத் திறப்பவருக்கும் தெரியும்.

இன்னொரு வகைத் தவறு தாளில் எழுதும் பழக்கத்தால் வருவது. மாதச் சம்பளம் 13,000. ஓவர்டைம் போட ஒரு மணி நேரக் கூலி வேண்டும். தாளில் மேலே 13000, ஒரு கோடு, கீழே 26 பெருக்கல் 8 என்று எழுதுவோம். கோட்டுக்குக் கீழே உள்ளது எல்லாம் வகுக்கும் எண் என்று கண்ணுக்குத் தெரியும். அதையே செல்லில் =13000/26*8 என்று எழுதினால், 26-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்கிவிடும். மணிக்கு 62.50 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 4,000 வரும். இதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மணிக்கு நாலாயிரம் ரூபாய் கூலி என்று வந்தால் நீங்களே பதறிப்போய்த் திருத்திவிடுவீர்கள்.

என் கவலையெல்லாம் நம்பும்படி இருக்கும் தவறுகளைப் பற்றியது. 88,154 என்பது கிராஜுவிட்டித் தொகை போலவே இருந்தது. மேனேஜர் பார்த்தார், ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்தார்கள், முதலாளி செக்கில் கையெழுத்துப் போட்டார். ஒருவர் புருவமும் உயரவில்லை.

வரி உள்ளடங்கிய 1,180 ரூபாய் பில்லில் சரக்கின் விலை எவ்வளவு என்று பார்க்க =1180/1+18% என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எக்செல் 1180-ஐ 1-ஆல் வகுத்து, அதோடு 0.18-ஐக் கூட்டி, 1180.18 என்று தரும். தசமம் தெரியாதபடி அந்தப் பத்தியை அமைத்து வைத்திருந்தால் 1,180 என்று அழகாக நிற்கும். =1180/(1+18%) என்று எழுதினால்தான் 1,000 வரும். கைப்பேசிக் கால்குலேட்டரில் 500+5% என்று தட்டினால் பெரும்பாலும் 525 வரும், ஷீட்டில் 500.05 வரும். ஒரே குறிக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள்.

இ.எஸ்.ஐ.யிலும் இதே கதைதான். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், ஒவ்வொருவருக்கும் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். சம்பளம் 14,250 என்றால் 106.875, அதை 107 ஆக்க வேண்டும். 13,890 என்றால் 104.175, அதை 105 ஆக்க வேண்டும். நீங்கள் ரவுண்ட்அப் போடாமல் தசமத்தை மட்டும் மறைத்தால் திரையில் 107, 104 என்று தெரியும், அடியில் கூட்டினால் 211 வரும். கட்ட வேண்டியது 212. கணக்கு ஒரு ரூபாய் உதைக்கிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து தேடுகிறோமே, அதில் பாதி இப்படி மறைந்திருக்கும் தசமங்கள்தான்.

இது நம்மைப் போன்ற சின்ன ஆட்களின் தவறு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2012-இல் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியின் லண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அதைப் பற்றி அந்த வங்கியே அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அவர்களுடைய ஆபத்தை அளக்கும் எக்செல் கணக்கில் ஒரு பிழை இருந்ததைச் சொல்கிறது. புதிய வீதத்திலிருந்து பழையதைக் கழித்து, இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். ஷீட்டோ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது. இரண்டால் வகுக்கும் ஒரு சிறு செயல் விட்டுப்போனதால் ஏற்ற இறக்கம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. அத்தனை நட்டத்துக்கும் அந்தப் பிழை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தை மறைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள் 2010-இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். அரசுக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று பல நாடுகளில் அதை எடுத்துப் பேசினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த விடையைத் தம் கையால் போட்டுப் பார்த்தார், வரவில்லை. ஆசிரியர்களிடமே ஷீட்டைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 49-ஆவது வரிசை வரை போகாமல் 44-ஆவது வரிசையிலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவே இல்லை. 2013-இல் அவரும் அவருடைய பேராசிரியர்களும் அதை வெளியிட்டார்கள். ஆய்வில் வேறு குறைகளையும் காட்டினார்கள், எல்லாவற்றையும் திருத்தியபோது, கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளுக்கு -0.1 என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது.

இந்த இரண்டாவது சங்கதியில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. இன்னொருவர் கேட்டார், ஆசிரியர்கள் ஷீட்டைக் கொடுத்தார்கள், அதனால்தான் பிழை வெளியே வந்தது. எங்கள் ஆலையில் அந்த அக்கா கேட்டார், அதனால்தான் வெளியே வந்தது. கேட்காமல் போனவர்களுக்கு என்ன ஆனது?

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதே ஷீட்டில் அதற்கு முன் மூன்று பேருக்குக் கணக்கு முடித்திருந்தேன். ஒருவரும் திரும்பி வந்து கேட்கவில்லை. கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கோபப்பட்டார், ஆனால் கொடுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு பேரை அந்த வாரமே பிடித்துவிட்டோம். மூன்றாமவர் சொந்த ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார், பழைய எண்ணில் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. தேடிக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. போனபோது அவர் இல்லை, மனைவி இருந்தார். பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "அவரு இருக்கறப்பவே வந்திருந்தா வைத்தியத்துக்கு ஆயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். என் பிழைக்கு எனக்குக் கிடைத்த தண்டனை அந்த ஒரு வாக்கியம்.

உங்கள் சிரமத்தை நான் மறக்கவில்லை. பல இடங்களில் ஷீட்டை நீங்கள் உருவாக்கியிருக்க மாட்டீர்கள். முன்னால் இருந்தவர் போட்டு வைத்ததை வருடா வருடம் வேறு பெயரில் சேமித்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். "ஓடுற வண்டியில கை வைக்காதே" என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சரியாக வந்தால் யாரும் பாராட்டப்போவதில்லை, தப்பாக வந்தால் உங்கள் தலைதான் உருளும். உங்கள் சம்பளமும் ஒன்றும் அள்ளிக் கொட்டும் சம்பளமல்ல. இதெல்லாம் உண்மை. ஆனாலும் அந்தச் செல்லைத் திறந்து பார்க்க முடிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ரிங் ஃப்ரேமில் நிற்பவருக்கும் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கும் கையில் வருவது கடைசி எண் மட்டும். அந்த எண் எப்படி வந்தது என்று அவர்களால் பார்க்க முடியாது. அவர்கள் சார்பில் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

அதனால் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டலும் பெருக்கலும் ஒரே ஃபார்முலாவில் வந்தால் கட்டாயம் அடைப்புக்குறி போடுங்கள். வகுக்கும் எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்டது இருந்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். தேவையில்லாத இடத்தில் போட்டால் நட்டம் ஒன்றுமில்லை.

முழுக் கணக்கையும் ஒரே செல்லுக்குள் அடைக்காதீர்கள். எக்செல் ஒரு செல்லில் 8,192 எழுத்து வரை ஃபார்முலா எழுத இடம் தருகிறது, ஒன்றுக்குள் ஒன்றாக 64 அடுக்கு வரை போக விடுகிறது. இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் திணிக்க வேண்டியதில்லை. கிராஜுவிட்டிக்கு ஐந்து பத்தி போடுங்கள்: மொத்தச் சம்பளம், ஒருநாள் கூலி, பதினைந்து நாள் கூலி, வருடம், தொகை. நான் அன்று அப்படிப் போட்டிருந்தால் முதல் பத்தியில் 18,000 நிற்கிறதா இல்லையா என்று ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும். ஐந்து எண்ணில் ஒன்று தப்பானால் கண்ணில் படும். ஒரே எண் தப்பானால் படாது.

15, 26, 0.75 சதவீதம் போன்றவற்றை ஃபார்முலாவுக்குள் புதைக்காதீர்கள். மேலே தனிச் செல்லில் எழுதி, அது என்ன என்று பக்கத்தில் தமிழிலேயே பெயர் போட்டு வையுங்கள். நாளை அரசு ஒரு விகிதத்தை மாற்றினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். நானூறு வரிசையில் தேடி, மூன்றை விட்டுவிடும் ஆபத்து இருக்காது.

புது ஃபார்முலா எழுதினால், ஒரே ஒருவருக்காவது காகிதத்தில் படிப்படியாகப் போட்டுப் பாருங்கள். எண்ணை வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 26,000, வருடம் பத்து என்று வைத்தால் விடை 1,50,000 என்று மனக்கணக்கிலேயே வந்துவிடும். அதை அடிப்படைச் சம்பளம் பாதி, பஞ்சப்படி பாதி என்று பிரித்து ஷீட்டில் போடுங்கள். 1,50,000 வராவிட்டால் அந்த ஃபார்முலாவை யாருக்கும் பயன்படுத்தாதீர்கள்.

கணக்கு முடித்துக் கொடுக்கும்போது தொகையை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள். அந்த ஐந்து படிகளையும் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். அவருக்குப் புரியாவிட்டாலும் அவர் வீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருப்பார், கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் இருப்பாள். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் அதை அவமானமாக நினைக்காதீர்கள். எனக்கு அந்த நாள்காட்டித் தாள் செய்த உதவியை எந்த ஆடிட்டரும் செய்ததில்லை.

கடைசியாக, இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று. உங்களிடம் இருக்கும் சம்பள ஷீட்டுகளில் மிகப் பழையதைத் திறங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டுங்கள். விடைகள் மறைந்து ஃபார்முலாக்கள் தெரியும். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ஃபார்முலாவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி, அதை..." என்று சொல்லிக்கொண்டு போகும்போது எழுதியிருப்பதும் நீங்கள் சொல்வதும் எங்காவது வேறுபட்டால் அங்கே நில்லுங்கள். அரைமணி நேர வேலை.

அப்படி ஏதாவது அகப்பட்டால் ஃபார்முலாவைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த ஷீட்டில் கணக்கு முடித்துக்கொண்டு போனவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். முதலாளியிடம் பயப்படாமல் சொல்லுங்கள். அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி இருந்தால், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு கணக்கு எழுதிய ஒருவன்
கோவை